வழியில் குளிர் விட்டுப்போனால்…

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் சென்னை எழும்பூருக்கு வந்த 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சியை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். நாய்க்கறியா, ஆட்டுக்கறியா என்பதே அப்போது ஊர்ப்பேச்சு. ஆட்டுக்கறிதான் என்று சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு சொன்னதும் பரபரப்பு அடங்கியது. தெர்மோகோல் பெட்டிகளில் அத்தனை தூரம் வந்த கறி எந்த வெப்பநிலையில் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. சாப்பிடுபவரின் உடல்நலத்துக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

விதி என்ன?

உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். குளிரூட்டிய உணவு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன்படி உணவை ஏற்றிச் செல்பவருக்கும் பதிவோ உரிமமோ தேவை. வண்டி சுத்தமாகவும், உரிய வெப்பநிலையைக் காக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

வெப்பம் புகாத சுவர்கள் கொண்ட 'பஃப்' வண்டி உள்ளிருக்கும் குளிரைக் கொஞ்ச நேரம் காக்கும், தானாகக் குளிரூட்டாது. குளிர்பதன இயந்திரம் உள்ள வண்டியிலும், டீசலை மிச்சம் பிடிக்க அதை வழியில் அணைத்துவிட்டால் அதே கதைதான். ஏற்றியது முதல் இறக்கியது வரை வெப்பநிலையைத் தானே பதிந்துவைக்கும் 'டேட்டா லாகர்' கருவி இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபத்து எங்கே?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சென்னையை அடுத்த மேடவாக்கம் கூட்ரோட்டு நெரிசலில் நிற்கும் வண்டியும், கடை வாசலில் இறக்கிவைத்த பெட்டியும் வெயில் நாளில் சீக்கிரமே அந்த வரம்புக்குள் போய்விடும். நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். சூரை, அயிலை போன்ற மீன்கள் கெடும்போது உண்டாகும் ஹிஸ்டமினும், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி விட்டுச்செல்லும் நஞ்சும் சமைத்தாலும் அழியாது.

வாங்கும்போது கவனியுங்கள்

பாக்கெட்டுக்குள் பெரிய ஐஸ் துகள்கள், கட்டியாக ஒட்டிப்போன பட்டாணி, உருக்குலைந்த ஐஸ்கிரீம், உப்பிய பால் பாக்கெட் ஆகியவை குளிர் விட்டுப்போனதன் அறிகுறிகள். அப்படி வந்த பொருளை வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் செய்வது எப்படி?

வாங்கிய பிறகு குறை தெரிந்தால் பொருளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பில், தொகுதி எண் தெரியும் படம், பெற்ற நேரம் ஆகியவற்றோடு 94440 42322 என்ற தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், அங்கே வாங்கியவர்கள் அந்த மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. கெட்ட பொருளுக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வருவதோடு நிறுத்தாமல், அன்றைக்கே புகாரைப் பதிவு செய்யுங்கள்.