பாரம் வரவில்லை, நாள் நிற்கவில்லை!

விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு. அந்த மதிலுக்குள், மார்க்கபந்தீசுவரர் கோவிலில், பிறை வடிவக் கல் ஒன்று இருக்கிறது. அதில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் மணியைச் சொல்லும். கடிகாரம் இல்லாதவரும் நேரம் அறியலாம்.

வருமான வரிக் கணக்கிலும் இப்படி ஒரு வழி உண்டு. பலர் அதை அறிவதில்லை.

வேலூர்ச் சீமை, தோலும் செருப்பும் சோறு போடும் சீமை. ஆம்பூர்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், 2024 அக்டோபரில் ராணிப்பேட்டையில் வேறு தொழிற்சாலைக்கு மாறினார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் பிறந்தது. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். பாங்கில் கடன் கேட்டால், "வரிக் கணக்கு காட்டிய ரசீது எங்கே?" என்கிறார்கள். பழைய முதலாளியோ சம்பளச் சான்றான 'பாரம் 16' கொடுத்தபாடில்லை. கணக்குக் காட்டக் கடைசி நாளைச் சர்க்கார் அந்த வருஷம் செப்டம்பர் 16 வரை நீட்டித்தது. கல்லூரி அதுவரை காத்திருக்குமா?

கவலை வேண்டாம். பாரம் 16 ஒரு சான்றுதான். அதைக் கணக்கோடு இணைக்க வேண்டும் என்ற விதி இல்லை. மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டி, பாங்குக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். பிடித்த வரி சர்க்காரிடம் சேர்ந்ததா என்பதை, வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் உள்ள '26ஏஎஸ்' பட்டியல் காட்டிவிடும்.

ஆனால் அவசரமும் ஆகாது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கு விவரம் கொடுக்க முதலாளிகளுக்கு 2025 மே 31 வரை தவணை இருந்தது. பாரம் 16 கொடுக்க ஜூன் 15 வரை. அதற்கு முன் பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் கடைசி மூன்று மாத வரி விடுபட்டுத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இரண்டு இடத்துச் சம்பளத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். இரு முதலாளிகளும் தனித்தனியே முழு விலக்கு அளித்திருந்தால் வரி குறைவாகப் பிடிபட்டிருக்கும். மீதியைக் கட்டிய பிறகே தாக்கல் செய்ய வேண்டும்.

பிடித்த வரியை முதலாளி கட்டாமல் விட்டால்? அந்த வருஷக் கணக்குக்கு உரிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 205-ஆவது பிரிவு கைகொடுக்கிறது. ஒருமுறை பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது அது. பிடித்ததற்குச் சாட்சி? அதே சம்பளச் சீட்டுதான்.

மாதம் ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு. அவற்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர், ஒரு பாரத்துக்காக முதலாளி வாசலில் நிற்க வேண்டியதில்லை.