வாவிக்கரை ஊர்கள் – 7: மூணு புள்ளைக்கு மூணு ஊடு

சென்ற வாரம் கல்லடிப் பாலத்தில் நின்றோம். அங்கிருந்து தெற்கே பஸ்ஸில் சில நிமிடம்தான். நாவற்குடா கழிந்து கொஞ்ச தூரத்தில், வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசை கட்டும். அதுதான் காத்தான்குடி. இருபக்கமும் நகைக்கடை, புடவைக்கடை. மட்டக்களப்பு நகரத்திலிருந்தே உடுப்பெடுக்க இங்கே வருகிறவர்கள் உண்டு. பணக்கார ஊர் என்று வெளியூரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும்.

என் உம்மும்மாவின் வளவில் ஒரு கிணறும் ஐந்து தென்னையும் ஒரு ஜம்பு மரமும் நின்றன. அதில் பாதி உம்மாவுக்கு, பாதி சாச்சிக்கு. உம்மாவின் பாதி என் ராத்தாவுக்கும் தங்கைக்கும் போனது. சாச்சியின் பாதியும் அப்படியே இரண்டானது. இன்று அங்கே மாடி வீடுகள் நாலு, சுவரோடு சுவர். மரம் ஒன்றும் இல்லை. கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடி, அதன் மேல் படிக்கட்டு ஏற்றியாகிவிட்டது. மணல் தரையில் மலக்குழியும் கிணறும் இவ்வளவு நெருங்கினால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? இப்போது குழாயில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிறது.

கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கிலும் தெற்கிலும் அயலூர்கள். ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் 2012 கணக்கெடுப்பின்போதே ஏறத்தாழ 40,000 பேர். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஊரைத் தாண்டி ஒரு துண்டு நிலம் வாங்கிக் குடியேற யாருக்குத் துணிவு வரும்? எல்லோரும் உள்ளுக்குள்ளேயே நெருங்கினோம். ஊர் மேல்நோக்கி வளர்ந்தது.

பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், கலியாணமானால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதும் இந்தக் கரையின் வழமை. தமிழரிடமும் அதே வழமை உண்டு. அதில் ஒரு பெரிய நன்மையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சாச்சியின் மூத்த மகளுக்குத் தலாக் ஆனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அவள் புருசன்தான். அவளும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருந்தார்கள், பக்கத்துச் சுவருக்கு அப்பால் உம்மா இருந்தா.

"மூணு பொம்புளைப் புள்ள மகன், மூணு ஊடு" என்று எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்றே முடி நரைத்தவர். மூன்றாவது வீட்டுக்கு அவருடைய மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புகிறான். வயது முப்பத்தாறு, தங்கை வீடு முடியாமல் தனக்குக் கலியாணம் பேச விடமாட்டான். என் தங்கையின் வீட்டுக்காக என்னுடைய ஆறு வருடமும் கட்டாரில்தான் கழிந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தங்கை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் மாடி இருக்கிறதா, தரைக்கு மாபிள் பதித்தாயிற்றா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்வியை என்னால் பொறுக்க முடியவில்லை. வீடு பெண்ணுக்கு இருக்கட்டும். அது முடியும் வரை அவள் ஏன் காத்திருக்க வேண்டும்?

போன மாதம் ராத்தா வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தூண் கம்பிகள் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, துருப்பிடிக்காமல் இருக்கப் பொலித்தீன் சுற்றி. இரண்டு கம்பிக்கு நடுவே கயிறு கட்டி ராத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா.

"இதில என்ன கட்டப் போறீங்க?" என்றேன்.

"மகள்ட ஊடு" என்றா.

மகளுக்கு ஒன்பது வயது. கீழே ஒழுங்கையில் சைக்கிள் ஓடப் பழகிக்கொண்டிருந்தாள்.