ஆறு மாதக் கெடு

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலிருந்து துறைமுகமும் செட்டியார் தெருவும் நடந்துபோகும் தூரம்தான். துறைமுகத் தொழிலாளரும் சுமை தூக்கும் நாட்டாமிகளும் கடைச் சிப்பந்திகளும் இந்தப் பக்கத்துச் சந்துகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள்.

நூறு வருடத்துக்கு முன்பு கூலியில் குறைவிழுந்தால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கூலியில் கைவைத்தவரே கங்காணி என்றால்? ஆட்களைத் திரட்டுவதே மிச்சமிருந்த வழி. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1923இல் பொது வேலைநிறுத்தம், 1927இல் துறைமுகம், 1929இல் டிராம் வண்டி என்று கொழும்பு மூன்று முறை ஸ்தம்பித்தது. முதலாளிமார் தங்களுக்கென்று சம்மேளனம் அமைத்துத் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை எழுதியதும் அந்த 1929இல்தான்.

ஐந்து பொடியன்கள் வேலைசெய்யும் கடையில் வேலைநிறுத்தம் ஏது? கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. முதலாளி கணக்கு முடித்து அனுப்பினால், வேலைக்குச் சேர்த்துவிட்ட ஊர்ப் பெரியவர் வந்து பேசுவார். அவர் சொல் எடுபடாவிட்டால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு சட்டங்கள். 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்துக்கும் லீவுக்கும் வரம்பு கட்டியது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம் தொழில் நியாய சபைகளைக் கொண்டுவந்தது. வேலை நீக்கப்பட்ட ஒருவர் தனியாளாகவே அங்கே முறையிடலாம். சங்கமும் அவருக்காகப் பேசலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நியாயமெனப் பட்ட கட்டளையை இட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. சுமை தூக்குபவரின் வீட்டுப் பிள்ளைக்கும் இது பெரிய பலம்.

ஆனால் இன்றும் பல கடைகளில் நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் கையில்தான். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், ஊழியரிடம் பிடிப்பது 8 வீதம். கட்டாவிட்டால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கடிதம் இல்லையே என்று தயங்குகிறார்கள். கடிதம் கொடுக்காதது முதலாளியின் குற்றம். சம்பளம் பற்றி வந்த வட்ஸ்அப் செய்தியும் உடன் வேலைசெய்தவரின் வாய்மொழியும்கூடச் சாட்சிதான்.

எனக்கு ஆத்திரமூட்டுவது வேறொன்று. வேலை நீக்கத்துக்கு எதிராக நியாய சபைக்குப் போக இருக்கும் அவகாசம் ஆறு மாதம். பொடியன் அப்போதும் பெரியவரிடம்தான் போகிறான். “அவசரப்படாத தம்பி, முதலாளியோட நான் கதைக்கிறன்” என்கிறார். தீபாவளி கழியட்டும், தைப்பொங்கல் கழியட்டும் என்று தவணை நீள்கிறது. பெரியவர் கதைக்கட்டும், தடையில்லை. மனுவைக் கொடுத்துவிட்டே கதைக்கட்டும்.