வாரியத்துக்கே கரண்ட் விற்ற பஞ்சாயத்து!

கரண்ட் பில் கட்டிக் கட்டி அலுத்துப்போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மின்சார வாரியத்துக்கே கரண்ட் விற்றுக் காசு வாங்கியவர்கள் உண்டா? உண்டு! பெரிய மில் முதலாளி யாரும் இல்லை. ஒரு சாதாரண கிராமப் பஞ்சாயத்து!

ஊர் பேர் ஓடந்துறை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம், நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது.

தண்ணீரோடு வந்த தலைவலி

1996-ல் பஞ்சாயத்துத் தலைவர் ஆனார் ஆர்.சண்முகம். 2006 வரை பத்து வருடம் அவர்தான் தலைவர். பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. தெருவிளக்குகள் கூடின. ஜனங்களுக்கு சந்தோஷம்.

ஆனால் மோட்டார் ஓடினால் மீட்டரும் ஓடுமே! பஞ்சாயத்துக்கு வருகிற வருமானத்தில் கரண்ட் பில் பெரும் பங்கை விழுங்க ஆரம்பித்தது. பில்லைக் கட்டினால் ரோடு போடக் காசில்லை. கட்டாவிட்டால் தண்ணீர் இல்லை. என்ன செய்வது?

முதலில் சின்ன வெள்ளோட்டம் பார்த்தார்கள். மரக்கழிவை எரித்து வாயு எடுத்து, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டும் 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்தார்கள். குடிதண்ணீர் மோட்டார் அதில் ஓடியது. செலவு குறைந்தது. ஆனால் விறகுத் துண்டு மலிவாகக் கிடைக்கிற வரைக்கும்தான் அந்த லாபம்! காசு கேட்காத சரக்கு ஒன்று வேண்டும். அதுதான் காற்று!

துணிச்சலான கடன்

350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பஞ்சாயத்தின் சேமிப்பு 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சத்துக்கு வங்கிக் கடன்!

தனி ஆள் கடன் வாங்கினால் கஷ்டம் அவர் வீட்டோடு போகும். இது ஊர்ப் பணம். காற்று ஏமாற்றினால் தவணை கட்ட வேண்டியது ஊர். தலைவர் மாறினாலும் தவணை மாறாது. காற்றாலை சுழல ஆரம்பித்த 2006-லேயே சண்முகத்தின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்து தலைவியாக வந்தவர் அவருடைய மனைவி லிங்கம்மாள்.

காற்றாலை அங்கே, கணக்கு இங்கே

ஓடந்துறைக்குப் போய்க் காற்றாலையைத் தேடினால் கண்ணில் படாது. அது நிற்பது உடுமலைப்பேட்டை பக்கத்து மைவாடியில்! பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசியடிக்கிற பூமி அது.

அங்கே உற்பத்தியான கரண்ட் வாரியத்தின் கம்பியில் ஏறியது. இங்கே பஞ்சாயத்து செலவழித்த கரண்ட், பில்லில் கழிந்தது. மிஞ்சியதை வாரியம் விலைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் சூட்சுமம்.

கூட்டிக் கழிச்சுப் பாருங்க. வருடத்துக்கு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊர்த் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் 2.25 லட்சம் யூனிட் விற்பனைக்கு! அந்தக் காசு கடன் தவணைக்கு.

வருடம் முழுக்க முழுத் திறனில் சுழன்றிருந்தால் 30 லட்சம் யூனிட் தாண்டியிருக்கும். ஆனால் காற்று நம் சொல்லைக் கேட்குமா? தென்மேற்குப் பருவத்தில் பேய்க்காற்று, மற்ற மாதங்களில் மந்தம். அதைக் கணக்கில் வைத்துத்தான் கடன் போட்டார்கள்.

மற்ற ஊர்களுக்கு?

வெளிநாட்டுக்காரர்கள்கூட ஓடந்துறைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். 'நம்ம ஊரிலும் ஒன்று வைத்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். தாராளமாக வைக்கலாம். ஆனால் ஓடந்துறை வங்கிப் படி ஏறியபோது கையில் 40 லட்சம் இருந்தது. வரி ஒழுங்காக வசூலாகி, செலவு போக நாலு காசு மிஞ்சுகிற பஞ்சாயத்துக்குத்தான் வங்கி கதவைத் திறக்கும்.

காற்றுக்குக் காசு கிடையாது. காற்றாலைக்கு உண்டு!