விசிறியில் ஐஸ் பிடித்தால்..?

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும் என்றுதானே ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள்? மேகம் அந்த ஸ்கூலில் படிக்கவில்லை! மைனஸ் பத்து டிகிரியிலும் நீர்த்துளிகள் அங்கே உறையாமல் மிதக்கும் - எதன் மேலாவது மோதும்வரை.

மோதுவது ஹெலிகாப்டரின் பிளேடு என்றால், முன்விளிம்பில் கப்பென்று ஐஸ் ஒட்டிக்கொள்ளும். பிளேடின் வடிவம் கெட்டு, தூக்கும் சக்தி குறையும். ஒரு பிளேடில் மட்டும் ஐஸ் உதிர்ந்தால் இன்னும் விபரீதம். பேலன்ஸ் போய், மொத்த ஹெலிகாப்டரும் உதற ஆரம்பித்துவிடும்.

'பிளேடைச் சூடாகவே வைத்திருந்தால் போச்சு' என்கிறீர்களா? அத்தனை கரண்டுக்கு எங்கே போவது?

அமெரிக்க ராணுவத்தின் 'பிளாக் ஹாக்' ஹெலிகாப்டரில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்விளிம்புக்குள் ஹீட்டர் இழைகளைப் புதைத்திருக்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருவி ஒன்று ஐஸை மோப்பம் பிடிக்கும். கொஞ்சம் சேரட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு சில விநாடிகள் மட்டும் கரண்ட். ஒட்டியிருக்கும் அடிப்பக்கம் லேசாக உருகினால் போதும். மிச்சத்தைச் சுழலும் வேகமே வீசியெறிந்துவிடும். அதையும் நான்கு பிளேடுகளில் எதிரெதிர் ஜோடியாகத்தான் செய்வார்கள், பேலன்ஸ் கெடாமலிருக்க.

இன்ஜினுக்குக் காற்று போகும் வாய், முன்கண்ணாடி, வேகம் அளக்கும் குழாய்... இவற்றுக்கும் தனித்தனியே சூடு உண்டு.

ராபின்சன் ஆர்-44 மாதிரி சின்ன ஹெலிகாப்டர்களில் பிளேடு ஹீட்டரெல்லாம் கிடையாது. ஐஸ் பிடிக்கும் என்று தெரிந்தால் அதில் பறக்கவே தடை. அந்த பைலட்டுக்கு ஒரே பாதுகாப்பு, 'இன்றைக்கு முடியாது சார்' என்று சொல்லும் தைரியம்தான். பின்சீட்டில் இருப்பவர் எவ்வளவு பெரிய பாஸாக இருந்தாலும்!