உங்கள் வீட்டு வரியில் நூலகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது: அது போய்ச் சேர்கிறதா?

சந்திரகிரியில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருக்கிறது, வருஷத்துக்கு 2,000 ரூபாய் வீட்டு வரி என்று வைத்துக்கொள்வோம். அதோடு இன்னொரு 160 ரூபாயும் சேரும். அதுதான் நூலக வரி, அதாவது லைப்ரரி செஸ். அதே 2,000 ரூபாய் வரி உள்ள வீடு திருத்தணியில் இருந்தால், இந்தத் தொகை 200 ரூபாய்.

ஆந்திராவில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 8 பைசா, தமிழ்நாட்டில் 10 பைசா. தொகை சின்னதுதான். ஆனால் ஊர் நூலகத்துக்குப் புத்தகமும் பேப்பரும் வாங்க இதுவும் ஒரு முக்கிய வருமானம்.

ஏன் இந்த வித்தியாசம்?

சந்திரகிரி, திருத்தணி இரண்டுமே ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, 1948-ல் அந்த மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அரையணா, நூலகத்துக்கு என்று அப்போது முடிவானது.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதே 1960-ல் ஆந்திரப் பிரதேசம் தனக்கென ஒரு நூலகச் சட்டம் இயற்றியது. அதன் பிறகு இரண்டு மாநிலங்களும் விகிதத்தைத் தனித்தனியாக உயர்த்திக்கொண்டன.

வரிக்கும் செஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் கட்டும் சொத்து வரி உள்ளாட்சியின் பொதுக் கணக்குக்குப் போகிறது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சம்பளம் என எதற்கும் அதைச் செலவிடலாம். செஸ் அப்படி இல்லை. எதற்காக வாங்கினார்களோ அதற்குத்தான் செலவிட வேண்டும்.

நூலக வரியைப் பொறுத்தவரை பஞ்சாயத்தோ மாநகராட்சியோ வசூலித்துக் கொடுக்கும் ஏஜென்ட் மாதிரிதான். ஆந்திராவில் அந்தப் பணம் 'ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா'வுக்கும், தமிழ்நாட்டில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும் போய்ச் சேர வேண்டும்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், பாக்கி. வசூலித்த செஸ்ஸை உள்ளாட்சிகள் நூலகங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது இரண்டு மாநிலங்களிலுமே பல வருஷப் புகார். நீங்கள் வரி கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். ஊர் நூலகத்துக்கு வரவேண்டிய பணம் வராவிட்டால் யார் நோட்டீஸ் அனுப்புவது?

இரண்டாவது, அடிப்படை வரி. செஸ் என்பது வரியின் மேல் கணக்கிடும் தொகை. வரி உயர்ந்தால் தானாக உயரும், வரி தேங்கினால் இதுவும் தேங்கும். தமிழ்நாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரி 25% முதல் 150% வரை கூடியது. ஆந்திர நகரங்களில் 2021 ஏப்ரல் முதல் வாடகை மதிப்புக்குப் பதிலாகச் சொத்தின் மூலதன மதிப்பில் வரி போடுகிறார்கள். குடியிருப்புகளுக்கு அந்த மதிப்பில் 0.10% முதல் 0.50% வரை வரி. ஆனால் பழைய வரியைவிட 15%-க்கு மேல் உயரக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள்.

வெளிநாட்டில் எப்படி?

நூலகத்துக்கு உள்ளூர் வரி என்பது பழைய யோசனை. பிரிட்டன் 1850-லேயே பவுனுக்கு அரை பென்னி வரை நூலக வரி போட நகரங்களை அனுமதித்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் நூலக வரியைப் போடலாமா, நீட்டிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆகவே கணக்கும் மக்கள் முன்னால் வந்தாக வேண்டும். நமக்கு அந்த வாக்குச் சீட்டு இல்லை. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அடுத்த முறை வரி கட்டும்போது, ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள்.
* தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் உள்ளாட்சியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு? நூலக அமைப்புக்குக் கொடுத்தது எவ்வளவு? பாக்கி எவ்வளவு? பொதுவாகக் கட்டணம் 10 ரூபாய். ஆந்திராவில் கிராம அளவிலான அலுவலகங்களில் கட்டணமே இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.
* அதே கேள்வியை நூலக அமைப்பிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் பொருந்தவில்லை என்றால், கிராம சபையிலோ வார்டு உறுப்பினரிடமோ ஆதாரத்தோடு பேச உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.