எரிந்தது மோட்டார், குற்றவாளி யார்?

போன பெரும்போக அறுவடை நேரம். கிண்ணியாவில் அரிசி ஆலை நடத்தும் சகோதரர் ஒருவர் திருகோணமலையில் உள்ள எனது கடைக்கு வந்தார். "நானா, 7.5 குதிரை வலு மோட்டார் ஒன்று வேணும். அவசரம். நெல் மூடை வாசலில கிடக்குது" என்றார். எத்தனையாவது மோட்டார் என்று கேட்டேன். அந்தப் போகத்துக்குள் இரண்டாவதாம்.

மோட்டார் விற்பதுதான் என் பிழைப்பு. காசை வாங்கிக்கொண்டு சாமானைக் கொடுத்திருக்கலாம். ஆனால் 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, ஒரு மோட்டாரின் விலை சிறு ஆலைக்காரரின் ஒரு போகத்து இலாபத்தையே விழுங்கிவிடுகிறது. மூன்றாவதும் எரிந்தால் அவர் கடனாளி. எனக்கும் ஒரு வாடிக்கையாளர் குறைந்துவிடுவார். "புது மோட்டாரைப் பிறகு பார்ப்போம். எரிந்த மோட்டாரைக் கொண்டு வாருங்கள்" என்றேன்.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. 2008இல் எனக்கும் கிண்ணியாவில் ஓர் ஆலையில் பங்கு இருந்தது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மோட்டார் அடிக்கடி சூடாகி நின்றது. மோட்டாருக்குப் பலம் போதாது என்று நானே முடிவு கட்டி, 3 குதிரை வலுவைக் கழற்றிவிட்டு 5 குதிரை வலுவைப் பூட்டினேன். மோட்டார் நிற்கவில்லை. பத்தாம் நாள் கியர் பொக்ஸுக்குள் இருந்த வெண்கலப் பற்சக்கரம் பல்லில்லாக் கிழவன் ஆகிவிட்டது. பலம் கூடிய மோட்டார், நொந்து போயிருந்த கியரை அரைத்துத் தள்ளிவிட்டது.

கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதனால் அந்தக் கியர் பொக்ஸைப் பாதையில் ஏற்றித்தான் நகரத்துக்குக் கொண்டு வந்தோம். வேலைத்தலத்தில் வயதான பாஸ் ஒருவர் ஒயிலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பொன் தூள் மாதிரி மின்னியது. அத்தனையும் வெண்கலம். பிறகு மேல் மூடியைச் சுரண்டிக் காட்டினார். பிரீதர் என்று சொல்லும் மூச்சுத் துளை பச்சைப் பெயின்டால் அடைபட்டுக் கிடந்தது. பெருநாளைக்கு ஆலையை அழகுபடுத்துகிறோம் என்று நாங்களே பூசிய பெயின்ட்! துளை அடைபட்டால் உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக வழியில்லை. அது ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கூடவே ஒயிலும் கசியும். எங்கள் பையன்கள் நாள்தோறும் அந்தக் கசிவைத் துணியால் துடைத்தார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட. ஒன்பது நாள் ஆலை நின்றது. விவசாயிகள் நெல்லை வேறு ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் சிலர் திரும்பி வரவேயில்லை.

சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிரிமா மா ஆலை போன்ற பெரிய இடங்களில் பராமரிப்புக்கென்றே ஆட்கள் இருப்பார்கள். மூதூரிலும் தம்பலகாமத்திலும் உள்ள சிறு ஆலைகளில் முதலாளிதான் கணக்கப்பிள்ளை, முதலாளிதான் மெக்கானிக். ஆகவே சில விடயங்களை நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை மெயினை நிறுத்துவது. பியூஸைக் கழற்றி உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையன் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் போவது விரல். பிறகு பெல்ட்டையோ கப்ளிங்கையோ கழற்றி மோட்டாரையும் கியர் பொக்ஸையும் பிரியுங்கள். மோட்டாரைத் தனியாக ஓட விட்டு, கிளாம்ப் மீற்றரால் மூன்று வயரிலும் அம்பியர் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக, தகட்டில் உள்ளதை விட நன்றாகக் குறைவாக இருந்து, சத்தமும் சீராக இருந்தால், நோய் பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. கியர் பொக்ஸைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது மோட்டார் பூட்டும் பக்கத்திலிருந்து சுற்றுங்கள். விகிதம் கூடிய வோம் கியரை மறுபக்கத்திலிருந்து சுற்றினால் அசையாது. அது அதன் குணம். இறுகிப் போய்விட்டது என்று நினைத்து உடைத்துவிடாதீர்கள்.

வோம் கியர் சூடாவதைக் கண்டும் பதற வேண்டியதில்லை. விகிதம் கூடக் கூட அதற்குள் போகும் சக்தியில் பெரும் பங்கு சூடாகவே கழியும். நேற்றைய சூட்டை விட இன்று கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒயில் பெரும்பாலும் 460 அல்லது 320 தரம். தகட்டைப் பார்த்து ஊற்றுங்கள். லொறிக்கு வாங்கிய என்ஜின் ஒயிலை ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கியர் ஒயிலைக் கடைந்து கடைந்தே சூடாகும்.

மின்சாரத்துக்கு வருவோம். இரண்டு சோடி வயருக்கிடையில் 400 வோல்ட்டும் மூன்றாவதில் 380உம் இருந்தால் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் அதுவே வைண்டிங்கில் ஏறும் சூட்டைச் சுமார் 25 வீதம் கூட்டிவிடும். ஒரு பேஸ் முழுதாகப் போனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. முனகிக்கொண்டே ஓடி எரியும்.

கிண்ணியாச் சகோதரர் மோட்டாரைக் கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினோம். மூன்று கூட்டம் கொயிலில் ஒன்று மட்டும் கரிக்கட்டை, மற்ற இரண்டும் புதிது போல் இருந்தன. டெல்டா இணைப்பில் ஒரு பேஸ் போனால் இப்படித்தான் எரியும். ஸ்டாரில் என்றால் இரண்டு கூட்டம் எரிந்து ஒன்று தப்பும். சுமை கூடியோ, தவிட்டுத் தூசு காற்று வழியை அடைத்தோ எரிந்திருந்தால் மூன்றும் ஒரே நிறத்தில் கருகியிருக்கும். வைண்டிங் கடைக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சாட்சி அழிந்து போகும். அதனால் கொடுக்குமுன் பாருங்கள்.

ஆலைக்குப் போய் ஸ்டார்ட்டரைத் திறந்தோம். கடற்காற்றில் செம்பு பச்சை பிடித்திருந்தது. கொன்டெக்டரின் மூன்று முனையில் ஒன்று தேய்ந்து கருகி, சில நேரம் தொட்டும் சில நேரம் தொடாமலும் இருந்தது. ஓவர்லோட் ரிலே ஏன் நிறுத்தவில்லை? மோட்டார்த் தகட்டில் 11 அம்பியர், ரிலே 16இல் நின்றது. அடிக்கடி நிற்கிறது என்று ஒரு பையன் கூட்டி வைத்தானாம்.

அவர் மோட்டார் வாங்கவில்லை. ஒரு கொன்டெக்டரும், பேஸ் போனால் தானே நிறுத்தும் ரிலே ஒன்றும் வாங்கினார். எரிந்ததை வைண்டிங் செய்யக் கொடுத்தார். அன்று எனக்கு வியாபாரம் குறைவுதான்.

மறுநாள் அஸருக்குப் பிறகு தொலைபேசி எடுத்தார். "நானா, மோட்டார் சரி. கியர் பொக்ஸில மூச்சுத் துளை எந்தப் பக்கம்? பெயின்டைச் சுரண்டித் தேடிக்கொண்டு நிற்கிறன்."